கலர்க்காரி பார்த்த மஞ்சள்

பெயிண்ட் கடையில் எல்லோரும் அவளைக் கலர்க்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய சுவரிலிருந்து பெயர்ந்த துண்டைக் கொண்டுவந்து நீட்டினால் போதும், இங்கே ஒரு சொட்டு கூட்டி அங்கே ஒரு சொட்டு குறைத்து, அச்சு அசலாக அதே நிறத்தைக் கலக்கிவிடுவாள். பிறகு வந்தவரை வாசலுக்கு இழுத்துப்போய், "கடை லைட்ல பாத்து ஏமாறாதீங்க, பகல் வெளிச்சத்துல பாருங்க" என்று உபதேசம் செய்யாமல் டப்பாவை மூடமாட்டாள்.

அவளுடைய கல்லீரலில் பெரிய பங்கு இப்போது அவள் அண்ணன் வயிற்றில் இருக்கிறது. அண்ணன் பஸ் டிரைவர். ஆபரேஷன் முடிந்து, வாய்க்கு ருசியாகச் சாப்பிட ஆரம்பித்த நேரத்தில் அவன் கண் மஞ்சளானது, உடம்பெல்லாம் அரித்தது. இருவரின் பித்தக்குழாயையும் சேர்த்துத் தைத்த இடம் சுருங்கி, பித்தம் இறங்க வழியில்லாமல் தேங்கிவிட்டதாம். டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டு, பாதை மூடாமல் இருக்க அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தார். அப்புறம் அதை மாற்றி மாற்றி வைத்து, ஒருவழியாகப் போன வாரம் எடுத்துவிட்டார். பாதை இனித் தானாகத் திறந்திருந்தால் அண்ணன் மறுபடி பஸ் ஓட்டலாம். சுருங்கினால் இன்னொரு ஆபரேஷன்.

அதனால் கலர்க்காரி தினமும் வேலைக்குப் போகும் வழியில் அண்ணன் வீட்டில் நுழைந்து, அவனை ஜன்னலோரம் உட்காரவைத்து, இமையை இழுத்துப் பார்ப்பாள். கொடுத்த சாமானுக்கு ரிப்பேர் பார்க்க வந்துவிட்டாள் என்று அண்ணி கேலி செய்வார். அவளும் சிரிப்பாள். உள்ளுக்குள் மட்டும், 'நான் கொடுத்ததே சொத்தையோ' என்று பயம் அரித்துக்கொண்டே இருந்தது.

அன்று காலை அண்ணன் ரொட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கண் மஞ்சள், கன்னம் மஞ்சள், உள்ளங்கைகூட மஞ்சள். அரிப்பில்லை, பசி நன்றாக இருக்கிறது என்று அவன் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. கடித்த ரொட்டியோடு அவனை டாக்ஸியில் ஏற்றினாள். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வழி நெடுக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் கண்ணைப் பார்த்தார். ரத்தம் எடுத்தார், ஸ்கேனும் எடுத்தார். எல்லாம் வந்த பிறகு, குழாய் நன்றாகத் திறந்திருக்கிறது, காமாலையின் சுவடே இல்லை என்றவர், மஞ்சளை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார்.

ஜன்னலோரம் என்று சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஜன்னலில் புதுத் திரை. ஸ்டென்ட் எடுத்த சந்தோஷத்தில் அவளே தேடிப்பிடித்து வாங்கியது, பளீரென்ற மஞ்சள். அண்ணி நேற்றுச் சாயங்காலம்தான் மாட்டியிருந்தார்.

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்வாங்க," என்றான் அண்ணன். "இங்க காமாலை வந்தது எனக்கு, மஞ்சளா பாக்குறது நீ." டாக்டரே சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள், சிரிப்பு அப்படியே அழுகையானது.

"என் கல்லீரல் உன்னக் கைவிட்டுடுச்சோன்னு பயந்துட்டேன்ணா."

"உன்னுதா? குடுத்தாச்சுல்ல, இப்ப அது என்னுது. நல்லது கெட்டது எல்லாம் என் பொறுப்பு. நீ உன்னுதப் பாத்துக்க."

மறுநாள் காலை அவள் போனபோது, அவன் திரையை நன்றாக இழுத்துவிட்டு, தலை முதல் கால் வரை மஞ்சளாக, இரண்டு இமைகளையும் விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கலர்க்காரி அந்தக் கையைத் தட்டிவிட்டு, கண்ணைப் பார்க்காமலே எதிரில் உட்கார்ந்து, அவன் தட்டிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டாள். அவள் கையும் மஞ்சளாகத்தான் இருந்தது.