மாத்திரை அரை

எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கு எழுந்திருப்பவள் அக்கா. எழுந்ததும் முகம்கூடக் கழுவமாட்டாள். கூடத்து மூலையில் இருக்கும் கூண்டுக்கு முன்னால் மண்டியிட்டு, "மேனேஜர், வெளிய போனீங்களா?" என்று கேட்பாள். மேனேஜர் ஒரு கினிப்பன்றி. வயது ஆறரை. மனிதக் கணக்கில் எண்பதைத் தாண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் வெளியே போவது முதற்கொண்டு எதுவுமே அதற்குத் தானாக நடப்பதில்லை.

பெயரில் பன்றி, பார்த்தால் எலி, உண்மையில் இரண்டும் இல்லை. வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள், "ஐயோ, எவ்ளோ பெரிய எலி!" என்று காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்வார்கள். அக்காவின் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அழுது அடம்பிடித்து வாங்கியது. மதியம் ஒரு மணியானால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக்குக் கத்தும். அக்காவின் ஆபீஸ் மேனேஜரும் அப்படித்தானாம், அதனால் அந்தப் பெயர். மகள் படித்து முடித்தாள், வேலை கிடைத்தது, வேறு ஊருக்குப் போய்விட்டாள். இது எங்கள் தலையில் விடிந்தது. வாரத்துக்கு ஒருமுறை வீடியோவில் வருவாள். "மேனேஜர் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலை வேலை சொல்கிறேன், கேளுங்கள். முதலில் வெந்நீரில் பஞ்சை நனைத்து அதன் பின்பக்கத்தைத் துடைத்துவிட வேண்டும். வயதான ஆண் கினிப்பன்றிகளுக்கு அங்கே சதை தளர்ந்து கழிவு அடைத்துக்கொள்ளுமாம், கையால் மெல்ல அழுத்தி எடுக்க வேண்டும். பிறகு சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் அதை உட்காரவைத்து எடை பார்க்க வேண்டும். முன்பு ஒரு கிலோவுக்கு மேல் இருந்தது, இப்போது எண்ணூறைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பத்து கிராம் குறைந்தால் அக்காவின் முகம் நாள் முழுக்கச் சரியாக இருக்காது. பிறகு வைட்டமின் சொட்டு. பிறகு புல்லை அரைத்துச் செய்த தூளை வெந்நீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அது மென்று விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. நடுவில் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை அக்கா ஆபீஸிலிருந்து பஸ் பிடித்து வந்து ஊட்டிவிட்டு, தான் சாப்பிடாமல் திரும்பிப் போவாள்.

அக்கா வேலை செய்வது மருந்து அட்டைப்பெட்டி அச்சடிக்கிற இடத்தில். பெட்டியின்மேல் அச்சாகும் எழுத்தை அச்சுக்குப் போகுமுன் படித்துத் திருத்துவதுதான் அவள் வேலை. புரூஃப் ரீடர். இருபத்திரண்டு வருஷமாகச் சிவப்புப் பேனாவும் கையுமாக இருக்கிறாள். ஒருமுறை ஒரு புள்ளி விடுபட்டு, அரை மில்லி என்பது ஐந்து மில்லியாகி வந்ததை அவள்தான் பிடித்தாள். அதற்காக அந்த மேனேஜர் எழுந்து நின்று கைகொடுத்தாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அக்கா கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாள். மற்ற நேரமெல்லாம் முதுகு வளைந்தபடியேதான் இருக்கும்.

வளையாமல் என்ன செய்யும்? கல்யாணமாகி வந்த மூன்றாம் வருஷம் மாமியார் படுத்தார். ஐந்து வருஷம். அவர் போன பிறகு ஒரு பத்து வருஷம் மூச்சுவிட்டாள். பிறகு மாமாவுக்குச் சிறுநீரகம் போயிற்று. நான் மாமா என்று சொல்வது அக்காவின் புருஷனை. நல்ல மனுஷன், ஆனால் நோயாளியாக நல்லவர் இல்லை. சாப்பாட்டில் உப்பு இல்லையென்று தட்டைத் தள்ளுவார், தண்ணீரை அளந்து கொடுத்தால் கத்துவார். மூன்று வருஷம் பார்த்தாள். அவர் போய் நான்கு வருஷமாகிறது. அப்போதுதான் நான் என் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இவளோடு வந்து சேர்ந்தேன். அக்காவின் கையில் கிண்ணமோ சிரிஞ்சோ இல்லாமல் நான் பார்த்த நாட்களை எண்ணிவிடலாம்.

நான் பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் உட்காருகிறவள். தலைக்குமேல் பலகையில் கொட்டை எழுத்தில் இருப்பதையே நாள் முழுக்க என்னிடம் கேட்பார்கள். பொறுமை என்பது என்னிடம் கொஞ்சம்தான், அதையும் அங்கேயே செலவழித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

அந்த வியாழக்கிழமை மேனேஜரை மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கடைவாய்ப் பல் மறுபடியும் வளர்ந்து நாக்கை அழுத்துகிறது என்றார் டாக்டரம்மா. இந்தப் பிராணிக்குச் சாகும்வரை பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம். முன்பெல்லாம் மயக்கம் கொடுத்து ராவிவிடுவார், இப்போது இந்த வயதில் மயக்கம் தாங்காது என்றார். மூட்டுவலி வேறு. "பழைய சொட்டு மருந்து பத்தாது. மாத்திரை தர்றேன், வலி குறைஞ்சா தானா சாப்பிட வாய்ப்பிருக்கு," என்றார். அக்கா தலையாட்டினாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"போதும்கா, விட்டுடு. டாக்டர், ஒரு ஊசி போட்டு அனுப்பிவைக்க முடியாதா?" என்றேன்.

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா கூடையின் மூடியைச் சாத்தினாள். வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. அடுத்த நாளும் "சோறு இருக்கு", "கதவைச் சாத்து" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அக்காவுக்கும் விடுமுறைதான், ஆனால் ஏதோ அவசர வேலை என்று காலையில் போன் வந்தது. அச்சான பெட்டி முழுக்கத் திரும்பி வந்திருக்கிறதாம். அவள் வேறு வழியில்லாமல் கிளம்பினாள். நான் குளித்துவிட்டு வந்தபோது வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. குளிர்பெட்டிமேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வீணான அச்சுத் தாளின் பின்பக்கத்தில், அவளுடைய அழகான கையெழுத்து. பதினொன்றுக்குத் தூள், பதினைந்து மில்லி. பன்னிரண்டுக்கு வலி மாத்திரை அரை, தண்ணீரில் கலந்து சிரிஞ்சில். ஒன்றரைக்கு மறுபடியும் தூள்.

நான் இதுவரை அதற்குச் சாப்பாடு ஊட்டியிருக்கிறேன், மருந்து கொடுத்ததில்லை. ஆனாலும் அன்றைக்கு ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. இவள் இரண்டு நாளாக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாளே, எல்லாவற்றையும் பிசகாமல் செய்து காட்ட வேண்டும் என்று. பதினொன்றுக்குப் பதினைந்து மில்லி ஊட்டினேன், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பன்னிரண்டுக்கு மாத்திரையை எடுத்து, இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து அரைத்தேன். நன்றாக, மாவு மாதிரி. தண்ணீரில் கலந்து கொடுத்தேன். அது சப்புக்கொட்டிக் குடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்றரைக்குத் தூளோடு போனபோது மேனேஜர் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது. தூக்கினால் ஈரத்துணி மாதிரி தொங்கியது. மூச்சு இருந்தது. நான் அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"எவ்ளோ குடுத்த?" என்றாள்.

"மாத்திரையா? ஒண்ணு."

"முழுசா?"

"நீதானே அரைன்னு எழுதியிருந்த? அரைச்சுத்தான் குடுத்தேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து போய்த் தாளைப் பார்த்தேன். வலி மாத்திரை அரை. எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். பாதி என்றும் படிக்கலாம், பொடி செய் என்றும் படிக்கலாம். நான் எனக்கு வந்தபடி படித்திருந்தேன்.

"வர்றேன்," என்று சொல்லி அக்கா போனை வைத்தாள்.

அவள் வருவதற்குள் எனக்குக் கை கால் ஓடவில்லை. மேனேஜருக்காக இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று வியாழக்கிழமை சொன்னவள் நான். சனிக்கிழமை இரண்டு மடங்கு மருந்து கொடுத்தவளும் நான். எந்த அக்கா நம்புவாள்? அது செத்துப்போனால், இந்த வீட்டில் ஒரே மேசையில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்து நான் இனிமேல் எப்படிச் சாப்பிடுவது?

அக்கா பஸ்ஸிலிருந்தே டாக்டரம்மாவிடம் பேசியிருந்தாள். அவர் வெளியூரில் இருந்தார். சூடாக வைத்திருங்கள், தானாக விழுங்கும்வரை வாயில் எதுவும் விடாதீர்கள், மருந்து இறங்க ஆறு மணிவரை ஆகும், அதற்குள் எழுந்தால் பிழைத்தது என்றாராம். அக்கா செருப்பைக் கழற்றியபடியே இதைச் சொன்னாள். வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றி, அதன்மேல் மேனேஜரைக் கிடத்தினாள். பிறகு சமையலறைக்குப் போய்க் குளிர்பெட்டி முன்னால் நின்றாள்.

"நான் வேணும்னு பண்ணலக்கா," என்றேன்.

"தெரியும்."

அந்தத் தெரியும் எந்தத் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல இப்படி ஒரு வரி வந்திருந்தா சுழிச்சுத் திருப்பி அனுப்பியிருப்பேன். அரை மாத்திரைன்னு எழுதணும். இல்ல பாதின்னு எழுதணும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"விடுக்கா, நான்தான் கேட்டிருக்கணும்."

"காலைல பேனாவை எடுக்கும்போதே கண்ணைச் சொருகிச்சு," என்றாள்.

நான்கு மணி ஆயிற்று. ஐந்து மணி ஆயிற்று. பாட்டில் ஆறிப்போகும்போதெல்லாம் நான் தண்ணீர் மாற்றினேன். கீழ்வீட்டில் யாரோ சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு விரலை அதன் விலாவில் வைத்திருந்தாள். வேலைக்குப் போன புடவையைக்கூட மாற்றவில்லை. நான் மோர் கொண்டுவந்து கொடுத்தேன், தொடவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

ஐந்தே முக்காலுக்கு மேனேஜரின் மூக்கு அசைந்தது. அக்கா சிரிஞ்சில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்து உதட்டில் வைத்தாள். அது நக்கியது. இன்னொரு சொட்டு. அதையும் நக்கியது. பிறகு முன்னங்காலை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேரையும் முறைத்தது.

"பிழைச்சுக்கிச்சுக்கா," என்றேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்காக நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அக்கா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி," என்றாள்.

"திட்டுறதா இருந்தா திட்டிடு."

"நீ போன் பண்ணி, இவர் சரிஞ்சு கிடக்குறார்னு சொன்னப்போ, என் வாயில முதல்ல என்ன வந்துச்சு தெரியுமா? அப்பாடான்னு வந்துச்சு. சத்தமா. நல்லவேளை போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தா."

நான் ஆறிப்போன பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"மாமா போனப்பவும் அதான் வந்துச்சு," என்றாள். "ஆஸ்பத்திரியில நர்ஸ் வந்து சொன்னாங்கல்ல, அப்போ. மனசுக்குள்ளதான் வந்துச்சு, யாருக்கும் கேக்கல. நாலு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. அப்படி நினைச்சவ நான் எப்படி இவரை விடுறது, சொல்லு? இவரையாவது ஒழுங்கா பாத்துக்கணும்ல?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்த ஐந்தரை மணி, இந்தப் பத்து கிராம், மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிவருவது எல்லாம். அக்காவுக்கு இந்தப் பிராணிமேல் இருந்தது வெறும் பாசம் என்று நினைத்திருந்தேன். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. நான்கு வருஷம் பக்கத்து அறையில் படுத்திருந்தும் தெரியாமல் போன என்மேல் அதைவிட அதிகமாக வந்தது.

"மாமாவைப் பாத்துக்கிட்ட மூணு வருஷம் நீ ஒரு நாளாவது முழுசாத் தூங்கினியா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "தூங்காதவளுக்கு அப்பாடான்னு வராம வேற என்னக்கா வரும்? வந்தா என்ன? அதுக்கப்புறமும் நீதானே எல்லாம் செஞ்ச? இன்னைக்கும் அப்பாடான்னு சொல்லிட்டு, அங்கேயே உக்காந்தியா? பஸ் பிடிச்சு ஓடிவந்தியே!"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள். மாமா போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். மேனேஜர் மெல்ல நகர்ந்து வந்து அவள் காலோரம் உட்கார்ந்துகொண்டது.

ஆறரைக்கு அவள் அங்கேயே தரையில் சாய்ந்தாள். "எட்டு மணிக்குத் தூள் குடுக்கணும். ராத்திரி மாத்திரை வேண்டாம்னாங்க. எழுப்பு," என்றவள் அதை முடிப்பதற்குள் தூங்கிப்போனாள். தலைக்கு ஒரு தலையணையை வைத்தேன்.

எட்டு மணிக்கு நான் எழுப்பவில்லை. தூளைக் குழைத்து, மேனேஜரை மடியில் வைத்துக்கொண்டு, கடைவாய் ஓரமாக விட்டேன். மெதுவாகத்தான் மென்றது. முக்கால் மணி நேரத்துக்குப் பதில் ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. சிரிஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"மணி என்ன? அவருக்கு?"

"ஆச்சு. நான் குடுத்துட்டேன்."

எவ்வளவு கொடுத்தாய், எப்படிக் கொடுத்தாய், சரியாக விழுங்கியதா என்று கேட்பாள் என்று சிரிஞ்சோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. "காலையிலயும் நீயே குடுத்துடுறியா?" என்று மட்டும் கேட்டாள். நான் சரி என்று சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் தூங்கிவிட்டிருந்தாள்.