உடம்புச் சூடாம்!

இன்று கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியிலிருந்து ஓசூர் திரும்பும் பஸ். என் வீட்டுக்காரர் மூக்கில் பஞ்சு, சட்டையெல்லாம் ரத்தக்கறை.

"என்னாம்மா ஆச்சு அவருக்கு?" என்றார் பக்கத்து சீட்டு அம்மா.

நான் வாய் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல, உடம்புச் சூடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவருக்கு வலிப்பு உண்டு. இதயக்கோளாறுக்காக ரத்தம் உறையாமலிருக்கவும் மாத்திரை சாப்பிடுகிறார். நாத்தனாருக்குப் பேரிகை ஊரில் சம்பந்தம் பேச ஆரம்பித்ததும், "வலிப்புக் குடும்பம்னு சொல்லிடுவாங்க" என்று வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்தியவர் இதே மாமியார்தான்.

டாக்டர் இன்று கத்தியே விட்டார். "வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையோட வேகத்தைக் குறைச்சுக்கிட்டு இருந்துச்சு. அதனாலதான் அந்த மாத்திரையைக் கூட்டிக் குடுத்திருக்காங்க. இதை நிறுத்தினா அது எகிறிடாதா? ரத்தம் மூக்கோட போச்சு, மூளையில கசிஞ்சிருந்தா?"

அதைக் கேட்டுவிட்டு வந்து, உடம்புச் சூடாம்!

"வலிப்பும்மா! மாத்திரையை நிறுத்திட்டாங்க!" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

மாமியார் என் கையைக் கிள்ளினார். "மெதுவாப் பேசு. பேரிகைக்காரங்க யாராச்சும் இருக்கப் போறாங்க."

பெற்ற பிள்ளை பஞ்சோடு பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் வீட்டில் எந்த வியாதிக்கு உடம்புச் சூடு என்று பெயர்?