எங்களுக்கு முன்பே கிளம்பிய பை

பொன்முடி மலைக்குப் போய் வருவதெல்லாம் ஒரு காரியமா என்று திருவனந்தபுரத்துக்காரர்கள் கேட்பார்கள். காலையில் கிளம்பினால் சாயங்காலக் காப்பிக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனால் என் சிநேகிதி கரமனை அக்ரஹாரத்திலேயே பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டு, அறுபதைத் தாண்டியும் பொன்முடியைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் எக்ஸ்கர்ஷன் போன அன்று அவளுக்கு அம்மை. கல்யாணமான புதிதில் மாமியாருக்கு மூட்டுவலி. அப்புறம் பிள்ளையின் பரீட்சை, வீட்டுக்காரரின் டிரான்ஸ்ஃபர், மழை, மண்சரிவு, ஹர்த்தால். மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது கிழக்கே மலை தெரிந்தால், "அதோ பாரு, ஒருநாள் போகணும்" என்பாள். நானும் போகலாம் என்பேன். இப்படியே எத்தனையோ வருஷத்துத் துணி உலர்ந்தது.

போன வருஷம் அவளுடைய பிள்ளை மெல்போர்னிலிருந்து வந்து, அப்பாவும் போனபிறகு அம்மா தனியாக இருக்க வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டான். வீட்டை விற்றாயிற்று. வியாழக்கிழமை விமானம். அதற்கு முன்னால் மூச்சுவிட இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமைதான். ஞாயிறன்று சாமான் ஏற்ற லாரி வருகிறது, அப்புறம் சாவி கொடுப்பது, சொந்தக்காரர்கள் வருவது என்று ஒரு நாளும் மிச்சமில்லை. எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அவள்மேலேயே காட்டினேன். "இந்த சனிக்கிழமை பொன்முடி வரலைன்னா இனிமே உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்" என்றேன். "வியாழக்கிழமைக்கு அப்புறம் எப்படியும் முழிக்கப் போறதில்லையேடீ" என்றாள். டாக்ஸிக்கு போன் செய்தேன்.

டாக்ஸிக்காரர் ஒன்பது மணிக்கு முன்னால் வர முடியாது என்றார். அவள் பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். சனிக்கிழமை ஒன்பதுக்கு ராகுகாலம் தொடங்குகிறது. நல்ல நேரம் விடியற்காலையோடு சரி. இத்தோடு தீர்ந்தது என்று நான் நினைத்தேன். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. "அதுக்கென்ன, பரஸ்தானம் வெச்சுட்டாப் போறது" என்றாள்.

பரஸ்தானம் என்றால் எங்கள் தெருவுக்கு வெளியே பலருக்குத் தெரியாது. கிளம்புகிற நேரம் நல்ல நேரமாக அமையாவிட்டால், நல்ல நேரத்திலேயே பயணச் சாமான் ஒன்றை எடுத்துப்போய் வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான், பயணம் தொடங்கியாயிற்று. அப்புறம் ராகுகாலமோ எமகண்டமோ, எதில் வேண்டுமானாலும் ஆள் கிளம்பலாம். போகிற வழியில் அந்தச் சாமானை எடுத்துக்கொண்டால் போதும். பஞ்சாங்கத்துக்கே பெப்பே காட்டும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் ஏதாவது ஆபீஸில் லேட்டாக வந்து கையெழுத்துப் போட்டுப் பழகியவராகத்தான் இருக்க வேண்டும். எனக்கு இதிலெல்லாம் துளி நம்பிக்கை கிடையாது. அவளிடம் பலமுறை சொல்லியும் இருக்கிறேன்.

சனிக்கிழமை இருட்டு பிரிவதற்குள் அவள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்வீட்டு மாமியிடம் வைத்துவிட்டு வந்தாள். பையில் புளியோதரை, தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய், பொரித்த வடாம், மலைமேல் குளிருமே என்று ஒரு ஸ்வெட்டர். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன கார் ராகுகாலம் பாதி கழிந்தபிறகு வந்தது. அவள் கையில் வளைந்த பிடி வைத்த பெரிய கறுப்புக் குடை. அவளுடைய வீட்டுக்காரரின் குடை அது. அவர் போனதிலிருந்து, மழையோ வெயிலோ, அது இல்லாமல் அவள் தெருவில் இறங்கியதில்லை. அதை எதற்கு ஆஸ்திரேலியாவுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறாய், அங்கே குடை கிடைக்காதா என்று பிள்ளை சண்டை போட்டிருந்தான். அந்த வருத்தத்தைச் சொல்லிக்கொண்டே காரில் ஏறினாள். கதவைச் சாத்தினோம். கிளம்பினோம்.

கிள்ளிப்பாலத்தைத் தாண்டுவதற்குள்ளேயே நின்றோம். குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள். போன மாதமும் அங்கேதான் தோண்டினார்கள். பதித்த குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இந்த மாதம் தோண்டுகிறார்களோ என்னவோ. அதைத் தாண்டிப் பாளையம் வந்தால் ஜாதா. கொடியும் கோஷமுமாக ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். முடிந்தது என்று டிரைவர் கியரைப் போட்டார். அது பாதிதானாம், மீதி டீ குடித்துவிட்டு வந்தது. அவள் ஜன்னலை இறக்கிவைத்துக்கொண்டு கூட்டத்தில் தெரிந்த முகம் யாராவது உண்டா என்று தேடினாள். இரண்டு பேர் கிடைத்தார்கள். நடந்துகொண்டே குசலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். நாலு மணிக்கு மலையடிவாரத்தில் கல்லாறு செக்போஸ்ட் கேட்டை மூடிவிடுவார்கள், அதற்குமேல் மலைக்கு விடமாட்டார்கள் என்று டிரைவர் முதலிலேயே சொல்லியிருந்தார். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேரூர்க்கடையில் மறுபடி நின்றபோது எதிர்வீட்டு மாமியின் போன் வந்தது. பை இங்கேயே இருக்கிறதே, நீங்கள் இன்னும் கிளம்பவில்லையா என்று கேட்டாள். நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு முன்பே கிளம்பிய பை கரமனையில் இருந்தது. கிளம்பாத நாங்கள் பேரூர்க்கடையில் இருந்தோம். திரும்பிப் போகலாம் என்றாள் அவள். பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி, திரும்புவதாவது.

"பை கெளம்பலைன்னா நாம கெளம்பினதாவே அர்த்தமில்லையாக்கும்" என்றாள்.

"அப்போ இந்த டாக்ஸியிலே உட்கார்ந்திருக்கறது யாரு?" என்றேன்.

டிரைவருக்குத் தமிழ் முக்கால்வாசி புரியும். அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அடுத்த போனில் மாமி, வெயில் ஏறுகிறது, தயிர்சாதத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் பரஸ்தானத்துக்கு தோஷம் உண்டா என்று கேட்டாள். இவள் கண்ணை மூடி யோசித்து, ஃபிரிட்ஜ் தெற்குப் பக்கம் இல்லையென்றால் பரவாயில்லை என்று தீர்ப்புச் சொன்னாள். எனக்குப் பசி வேறு.

நெடுமங்காடு தாண்டி ஒரு குறுகலான இடத்தில் பஸ்ஸும் லாரியும் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டு நின்றன. இரண்டு பக்கமும் கார்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். அங்கே ஒரு கல்யாண மண்டபம், உள்ளேயிருந்து நாதஸ்வரம் கேட்டது. எங்களுக்குப் பக்கத்தில் பூ ஜோடித்த கார் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பட்டு வேட்டியில் மாப்பிள்ளை. அவனுடைய தாய்மாமன் வெளியே நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். முகூர்த்தம் முடியப்போகிறதாம், ரோடு திறந்தால் அடுத்த நிமிஷம் வந்துவிடுவார்களாம். மாப்பிள்ளை வியர்த்துக்கொட்டி உட்கார்ந்திருந்தான். மண்டபத்தின் வாழைமரம் அங்கிருந்தே தெரிந்தது. ஆனால் மாப்பிள்ளை கார்தான் மண்டப வாசலில் போய் நிற்க வேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

என் சிநேகிதி கதவைத் திறந்து இறங்கினாள். பொன்முடிக்கு இத்தனை வருஷம் நாள் பார்த்தவள், ஊர்பேர் தெரியாத பையனின் காரை நேராகப் போய்த் தட்டினாள்.

"மோனே, கல்யாணத்துக்குக் காரா முக்யம்? நீ போனா மதி, அது போதும். எறங்கி நட" என்றாள். வெயில் என்று யாரோ முனகினார்கள். கையிலிருந்த குடையை விரித்து அவன் தலைக்குமேல் பிடித்து, பிடியைத் தாய்மாமன் கையில் கொடுத்தாள். வீட்டுக்காரரின் குடையை அவள் இன்னொருத்தர் கையில் கொடுத்து நான் பார்த்ததேயில்லை. மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே ஓட்டமும் நடையுமாகப் போனான். கறுப்புக் குடை பஸ்ஸைத் தாண்டி, லாரியைத் தாண்டி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் கெட்டிமேளம் கேட்டது. மாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள், ஆனால் சந்தோஷமாக.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, தாய்மாமன் குடையைத் திருப்பிக் கொடுக்க வரும்வரை. வந்தவர் குடையைக் கொடுத்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். மாமிமார் இரண்டு பேரும் சாப்பிடாமல் போகக்கூடாது என்று கதவைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் பெண்ணின் அம்மாவும் ஓடிவந்தாள். வண்டி எப்படியும் நகரவில்லை, பை கரமனையில் இருக்கிறது, பசி காதை அடைக்கிறது. போனோம். டிரைவரும் வந்தார்.

இலை போட்டார்கள். பருப்பு, சாம்பார், அவியல், ஓலன், காளன் என்று வந்துகொண்டே இருந்தது. முதல் பாயசமாக அடைப்பிரதமன் வந்தது. வெளியே ரோட்டில் வண்டிகள் நகர்கிற சத்தம் கேட்டது. "போதும், எழுந்திரு" என்று அவள் தொடையில் கிள்ளினேன். பால் பாயசம் இனிமேல்தான் வருகிறது என்று பரிமாறுகிறவர் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனால் கல்யாணப் பெண்ணுக்கு ஆகாது என்றாள். பால் பாயசம் வந்தது. மறுபடியும் வந்தது. நடுவில் எதிர்வீட்டு மாமி போன் செய்து, ஃபிரிட்ஜ் தெற்குப் பக்கம்தான் இருக்கிறது, அதனால் தயிர்சாதத்தைத் தானே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னாள். நல்லதாப் போச்சு என்றாள் இவள். கிளம்பும்போது மணமக்கள் அவள் காலில் விழுந்தார்கள். அதற்கு ஒரு அரைமணி.

விதுரா கடைத்தெருவில் மறுபடி ஒரு நெரிசல். டிரைவர் தம்மாலான மட்டும் ஓட்டினார். கல்லாறு போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது. அப்போதுதான் மூடினார்களாம். டிரைவர் இறங்கிப்போய்க் கெஞ்சினார், வியாழக்கிழமை விமானத்தைப் பற்றிக்கூடச் சொன்னார். காவலர் நல்ல மாதிரிதான். மேலே போனவர்களே இறங்க வேண்டிய நேரம், பனி இறங்கினால் வளைவில் ரோடு தெரியாது, நாளைக்குக் காலையில் வாருங்கள் என்றார். நாளைக்கு லாரி வருகிறது என்று அவரிடம் யார் சொல்வது?

என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பையனுக்குக் கல்யாணம் பண்ணிவைக்க நீ யார், இரண்டாவது பாயசத்தை விட்டுத்தொலைத்திருந்தால் இந்நேரம் மேலே நின்றிருப்போமே என்று ரோட்டில் நின்று கத்தினேன்.

"பாயசம் நன்னாயிருந்ததுடீ" என்றாள். அப்புறம், "விடு. மலை எங்கே போகப்போறது?"

"மலை போகாது. நீதான் போறே" என்றேன்.

அவள் கேட்டுக்கு அந்தப்பக்கம் ரோடு மரங்களுக்குள் வளைந்து மேலே போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்லில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் மூக்கை உறிஞ்சினாள். பாயசம் சாப்பிட்டு ஜலதோஷம் என்றாள்.

பிறகு பக்கத்திலிருந்த டீக்கடைக்குப் போனாள். கடைக்காரம்மாவிடம் மலையாளத்தில் நீளமாக ஏதோ சொல்லிக் குடையை நீட்டினாள். அந்த அம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். ரிப்பேருக்கா என்று கேட்டாள். இல்லை, இங்கேயே இருக்கட்டும், பொன்முடிக்குப் போகும்போது வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாள் என் சிநேகிதி. எப்போது போகிறீர்கள் என்று கேட்டதற்கு, நாள் பார்க்க வேண்டும் என்றாள். கடைக்காரம்மா குடையை வாங்கி, நேந்திரங்குலை தொங்கிய கம்பியில் மாட்டினாள்.

"இதுக்கு நல்ல நேரம்தானா, பார்த்தியோ?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்க நினைத்தேன், குரல் அப்படி வரவில்லை.

"ஆகாத நேரம்தான்" என்றாள். "இருக்கட்டும். கெளம்பியாச்சு."

திரும்பும்போது எங்கேயும் நெரிசல் இல்லை, வண்டி பறந்தது. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லையே என்று எனக்கு ஆத்திரம். எதிர்வீட்டு மாமி பையைக் கொடுத்தாள். புளியோதரை மிச்சமிருந்தது, வடாம் இல்லை.

புதன்கிழமை காலையில் அவளுடைய பெரிய பெட்டி என் வீட்டுக்கு வந்தது. வியாழக்கிழமைக்கான பரஸ்தானம். கூடத்தில் நடுவாக வைத்துவிட்டுப் போனாள். இதைக் கொடுக்காமலே இருந்துவிட்டால் என்ன என்று அன்று முழுக்க நினைத்தேன். கேட்டபோது கொடுத்துவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் வருகிறாள். குளிர் என்கிறாள், பேரனுக்குத் தமிழ் வரவில்லை என்கிறாள். அப்புறம் குடை பத்திரமா என்று கேட்பாள். டீக்கடை அம்மாவின் நம்பரை நான் வாங்கி வைத்திருக்கிறேன், அதனால் பத்திரம் என்று சொல்ல முடிகிறது. மழையில் பால் வாங்கப் போகும்போது அந்த அம்மா அதைப் பிடித்துக்கொண்டு போகிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

போன மாதம் என் அக்கா பிள்ளை புதுக் கார் வாங்கினான். சித்தி, பொன்முடி போகலாம் வாருங்கள், விடியற்காலையில் கிளம்பினால் டிராஃபிக்கே இருக்காது என்றான். வரவில்லை என்றேன். ஏன் என்றான்.

"நானும் அவளும் ஏற்கெனவே கெளம்பியாச்சுடா" என்றேன். "பாதி வழியிலே நிக்கறோம்."