அவளைக் கேட்காமல் எழுதிய பதில்

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில். ஈப்போவுக்கு வடக்கே, செமோர் போகும் வழியில் இரண்டு மைல் உள்ளே போனால் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே ஆபீசில் நான் சின்னக் கிராணி, அதாவது இளைய குமாஸ்தா. வயது இருபத்து மூன்று. மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ், மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை, நல்ல கையெழுத்து, இவ்வளவும் இருந்ததால் உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு திரிந்த காலம். இப்போது நினைத்தால் அந்த ஆளைப் பிடித்து நாலு அறை வைக்கலாம் போலிருக்கிறது.

அந்தத் தோட்டத்தில் பால் வெட்டும் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம். புருஷன் முந்தின வருஷமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். நாலு வயதில் ஒரே ஒரு பெண் குழந்தை. விடிவதற்கு முன்பே குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, வாளியும் கத்தியுமாகப் பெரட்டுக்கு வந்து நிற்பாள். பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அவள் பேரை நான் கூப்பிட்டால் "இருக்கேங்க" என்பாள். ஒரு வருஷத்தில் அவள் என்னிடம் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

பிறகு அவளுக்கும் காய்ச்சல் கண்டது. தோட்டத்து மருந்துக்கு அது மசியவில்லை. ஈப்போ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இரண்டரை மாதம் அங்கேயே கிடந்தாள். குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வைத்திருந்தார்கள். அவர்களும் வேலை தேடிப் பாகான் செராய் பக்கம் போய்விட, குழந்தை லயத்தில், தொழிலாளிகளின் அந்த வரிசை வீடுகளில், கேட்பாரற்றுக் கிடந்தது. தலையெல்லாம் புண். தோட்டத்து வெள்ளைக்கார மானேஜரான துரையின் மனைவி, துரைசானி, அதைப் பார்த்துவிட்டு, ஈப்போவில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பிள்ளைகள் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்தாள். கொண்டுபோய் விட்டது நான்தான். துரையின் காரில் என் மடியில் உட்கார்ந்து, வழி முழுக்க "ஆத்தா எங்க, ஆத்தா எங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தது. அதுவரைக்கும் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த இல்லத்தால்தான் குழந்தை பிழைத்தது.

தாய் திரும்பி வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாள். வந்த வேகத்தில் இல்லத்துக்குப் போய் நின்றிருக்கிறாள். உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி, மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் குழந்தையைப் பார்க்க அனுமதி கொடுத்தார்கள். வராந்தாவில் ஒரு பெஞ்சு. அங்கே உட்கார்ந்து பார்த்துவிட்டு, மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும். அந்த அரை மணி நேரத்துக்காக அவள் சடக்கு என்கிற பெரிய ரோட்டு ஓரமாகவே பத்து மைல் நடந்து போய், பத்து மைல் நடந்து வருவாள். திங்கட்கிழமை பெரட்டில் வழக்கம்போல "இருக்கேங்க" என்பாள். இப்படி ஐந்து மாதம் போனது.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் லயத்து ஜனங்களுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். சர்க்கார் கடிதம் என்றால் இங்கிலீஷில் இருக்கும். கிராணி படிப்பார், கிராணியே பதிலும் எழுதுவார். சம்பந்தப்பட்ட ஆளுக்குச் சொன்னாலும் சொல்லலாம், சொல்லாவிட்டால் கேட்க நாதியில்லை. அது தப்பு என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே கிடையாது. அடிதடிக்குப் போலீஸ் சம்மன், பிறப்பு, சாவு, எல்லாவற்றுக்கும் நான் இப்படி எழுதித் தள்ளியிருக்கிறேன்.

அது கோர்ட்டுக் கடிதம். குழந்தை பெரியவளாகும்வரை அதை இல்லத்தின் பொறுப்பிலேயே விட்டுவிடலாமா என்று விசாரணை நடக்கப் போகிறது, தாய் இன்ன தேதி காலை பத்து மணிக்கு நேரில் வந்து தன் பக்கத்தைச் சொல்லலாம் என்று எழுதியிருந்தது. நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரே நிமிஷம்தான். அந்த வாரம் காய்ச்சலில் பாதி ஆள் படுத்துக் கிடந்தது. இவளும் போனால் இவள் நிரையில் உள்ள மரமெல்லாம் வெட்டாமல் நிற்கும், பெரிய கிராணி என்னைத்தான் ஏசுவார். அது ஒரு காரணம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். அந்தக் குழந்தை வெள்ளைக் கவுன் போட்டு, சிலேட்டும் கையுமாக வளரட்டும், லயத்துக்கு வந்து என்ன ஆகப் போகிறது என்று நினைத்தேன். அதன் நன்மைக்கு என்றே நினைத்தேன். உடனே என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: மேற்படி தொழிலாளி வேலையில் இருப்பதால் வர இயலாது, இந்த ஏற்பாட்டில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. துரை படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் எனக்கு அது மறந்தும் போயிற்று.

அடுத்த முதல் ஞாயிறு அவள் நடந்து போனாள். திங்கட்கிழமை காலையில் பேர் கூப்பிட்டபோது பதில் இல்லை. எட்டு மணிக்கு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். லயத்து ஆட்கள் உள்ளே வரக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"கிராணி ஐயா, புள்ளையக் காட்ட மாட்டேன்னுட்டாங்க. கோர்ட்டுல முடிஞ்சிருச்சாம். இனிமே அவங்க புள்ளையாம்."

நான் மேசைமேல் இருந்த புத்தகத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டேன்.

"என்னைய வரச் சொன்னாங்களாம், நான் வல்லியாம். வேணாம்னு சொல்லிட்டேனாம். நான் யாருகிட்ட ஐயா சொன்னேன்? என்னைய எப்ப கேட்டாங்க?"

சத்தம் போடவில்லை. அழக்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். தனக்கே தெரியாமல் காய்ச்சல் மயக்கத்தில் எதையாவது சொல்லிவிட்டோமோ என்று அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம். அந்தக் கடிதத்தின் நகல் என் முழங்கைக்கு அடியில் இருந்த புத்தகத்தில் இருந்தது. நான் சொன்னேன், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. போ, வேலைக்குப் போ." போய்விட்டாள். சே, இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் கை கூசுகிறது.

மூன்று வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முட்டிபோட்டேன், பூசை கேட்டேன், வெளியே வந்தேன், ஒன்றும் செய்யவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம்தான், வேறு என்ன. அவள் தினமும் பெரட்டுக்கு வந்தாள். பேர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். கடைசியில் அந்தக் கையைப் பார்க்க முடியாமல்தான் லீவு போட்டுவிட்டு ஈப்போ போனேன்.

கோர்ட்டில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவராக, இருந்தவர் நம்மாள். வழக்குக் காகிதக் கட்டைத் தேடி எடுத்து என் கடிதத்தையே என் முன்னால் வைத்தார்.

"இதுதான்லா இருக்கு. தாயே வேணாம்னுட்டா அவுங்க என்ன செய்வாங்க தம்பி?"

"அவங்க சொல்லலைங்க. நான் எழுதினது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அதை எழுதிக் குடு. எழுதினா வேலை போயிரும், தெரியுமில்ல?" என்றார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். தாய்க்குத் தகவலே சொல்லவில்லை, அவள் பேரில் நானாக எழுதினேன் என்று. கையெழுத்து அன்று அவ்வளவு அழகாக இல்லை.

மறுபடி விசாரணை வைத்தார்கள். அதற்குள் மேலும் இரண்டு மாதம் ஓடிவிட்டது. இந்தத் தடவை நானே லயத்துக்குப் போய்த் தேதியைச் சொன்னேன். என் காரியத்தை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. கோர்ட்டில் என் இரண்டு கடிதத்தையும் துபாஷி தமிழில் உரக்கப் படித்தார். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குப் புரியாத பிள்ளை பலகையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மாஜிஸ்திரேட் பொறுமையாகத்தான் கேட்டார். வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பார்கள்? ஆயாக் கொட்டகை இருக்குங்க. மறுபடி காய்ச்சல் வந்தால்? அதற்கு அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் அவர் சொன்னதைத் துபாஷி சொன்னார்: குழந்தை அங்கே வந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது, பழகிவிட்டது, படிக்கிறது, இப்போது கலைப்பது நல்லதில்லை. போட்ட உத்தரவு அப்படியே இருக்கும். ஆனால் மாதம் ஒரு முறை அரை மணி நேரம் தாய் பார்க்கலாம். அதை யாரும் தடுக்கக் கூடாது.

அவள் கட்டிய கையோடு கேட்டாள், "அன்னிக்கே நான் வந்திருந்தா குடுத்திருப்பீங்களா, தொரை?"

துபாஷி அதை இங்கிலீஷில் சொன்னார். மாஜிஸ்திரேட் காகிதத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே மரத்தடியில் அவள் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டாள். "வேணாங்க ஐயா" என்றாள். பிறகு, யாருக்கோ சொல்வதுபோல், "நீங்க சொல்லியிருந்தா வந்திருப்பேன். அன்னிக்கி எனக்கு காச்சல்கூட இல்ல" என்றாள். அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு உத்தரவுக் காகிதத்தைக் காட்டிப் பேசுவதற்காக நானும் அவளோடு இல்லத்துக்குப் போனேன். வராந்தாவுக்குக் கீழே தள்ளி நின்றுகொண்டேன். சிஸ்டர் குழந்தையைக் கூட்டி வந்தார். தலைப்புண் ஆறி, முடி வளர்ந்து, வெள்ளைக் கவுனில் இருந்தது. நான் ஆசைப்பட்டபடியே இருந்தது, அட கடவுளே. தாயைப் பார்த்ததும் சிஸ்டரின் அங்கிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. மூன்று மாதத்துக்கு மேல் பார்க்கவில்லை அல்லவா, சின்னப் பிள்ளை. இவள் எழுந்து பிடிக்கப் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே, கொண்டுவந்த அவித்த முட்டையை உரித்து, துண்டு துண்டாகக் கிள்ளி, பக்கத்தில் இலையில் வைத்துக்கொண்டே இருந்தாள். ஏதோ பேசினாள். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. கால் மணி நேரம் போயிற்று, இன்னும் கொஞ்சம் போயிற்று. பிறகு குழந்தை ஒவ்வோர் அடியாக வந்து ஒரு துண்டை எடுத்துத் தின்றது. இன்னொரு துண்டு எடுத்தது. அப்புறம் அவள் சேலைத் தலைப்பை முகர்ந்து பார்த்துவிட்டு மடியில் ஏறி உட்கார்ந்தது. அவள் கை அதன் முதுகைச் சுற்றிப் போவதற்குள் மணி அடித்துவிட்டது.

பிள்ளையை மடியிலிருந்து எடுத்தது அந்தத் தாய்தான். நேரம் மீறினால் அடுத்த மாதம் விடமாட்டார்களோ என்ற பயம். குழந்தை அலறிய அலறல் கேட் வரைக்கும் வந்தது. திரும்பி வந்த பத்து மைலும் அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் நடந்தேன்.

எனக்கு அந்த மாதத்தோடு சீட்டுக் கிழிந்தது. தாப்பாவுக்குப் போய் ஒரு மளிகைக் கடையில் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் பல வருஷம் ஒரு மாதம்கூடத் தவறாமல் போய்வந்தாள் என்று கேள்விப்பட்டேன். பிறகு தகவல் இல்லை. தாப்பாவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் யாராவது கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தால், நல்லதோ கெட்டதோ முழுசாக வாசித்துச் சொல்லி, "நீங்க என்ன சொல்றீங்க" என்று கேட்ட பிறகுதான் பேனாவைத் தொடுவேன். எனக்குப் பேரப்பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். அவர்களில் ஒன்று ஓடிவந்து மடியில் ஏறும்போதெல்லாம், ஒரு தாயிடம் ஒரு கேள்வி கேட்கச் சோம்பிய கை இது என்ற நினைப்பில், அணைக்கப் போன என் கை இன்றைக்கும் ஒரு கணம் நின்றுவிடுகிறது.