நான் நட்ட திரொம்சோ பனை

தீங்கு விளைவிக்கும் அந்நியச் செடிகளை நோர்வேயில் யாரும் நடக்கூடாது என்பது விதி. ஓய்வுபெறும்வரை விதிகளோடு மட்டுமே வேலை செய்த நான், புருசெத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் அப்படி ஒன்றை நட்டேன். வடநோர்வேயின் திரொம்சோ நகரில் வசிக்கும் நண்பர், "திரொம்சோ பனை, பனிக்கும் சாகாது" என்று கன்றைத் தந்தார். பனை என்ற சொல்லே எனக்குப் போதுமாயிருந்தது.

அது ஆளுயரம் வளர்ந்த பிறகுதான், பனையல்ல, நச்சுச் செடி என்று படித்தறிந்தேன். முற்றம் குடியிருப்பார் எல்லாருக்கும் பொதுவான நிலம் என்பதால், யூலைத் தொடக்கத்தில் அகற்ற அனுமதி கேட்டுக் குடியிருப்புச் சங்கத்துக்கு எழுதினேன். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்துவிடும் என்பதை இரண்டாம் பந்தியில் விளக்கியிருந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை.

"இஞ்சேருங்கோ, இன்னும் பதில் வரேல்லையோ? நீங்கள் தபாற்பெட்டியைப் பாத்துக்கொண்டு இருங்கோ, நான் வெட்டுறன்," என்றாள் ஒருநாள். வழக்கமான நக்கல் என்று எண்ணி நூலகத்துக்குப் போய்விட்டேன். நல்ல வெயில். வெறுங்கையால் வெட்டியிருக்கிறாள். மறுநாள் முழங்கைவரை கொப்புளங்கள்.

"பனையெண்டுதானே சொன்னனீங்கள்," என்றாள். அவள் கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

மிச்சத்தை முகில் மூடிய ஒரு நாளில், கையுறை அணிந்து வேரோடு தோண்டினேன். இப்போது தாவரவியல் பெயர் தெரியாமல் எந்தக் கன்றையும் வாங்குவதில்லை. ஆபத்து என்றால் முதலில் வீட்டில் சொல்கிறேன், பிறகுதான் எழுதுகிறேன்.

சங்கத்தின் அனுமதி நவம்பர் பதினோராம் திகதி வந்தது.