மின்னல் சங்கத்தின் ஐந்தாவது பையன்

ஆரணியில் பட்டுப்புடவைக்கு கிராப் தாளில் டிசைன் போடுகிறவர்களில் சிவப்பிரகாசம் கெட்டிக்காரர். மயிலும் மாங்காயும் அவர் கைக்குச் சொன்னபடி கேட்கும். எங்கள் தெருப் பையன்களுக்கு அதுவா முக்கியம்? மாதம் ஒருமுறை மிச்சத் தாளில் அவர் வரைந்த ‘மின்னல் சங்கம்’ படக்கதைக்குத்தான் அடித்துக்கொள்வோம். இருந்தது ஒரே பிரதி. அதில் வரும் ஐந்து பையன்களும் நாங்களேதான். நான் மூன்றாமவன், பயந்தாங்கொள்ளி. நிஜத்திலும் அப்படித்தான் என்பதால் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம். ஐந்தாவது துரை, எதற்கும் முந்திக்கொண்டு குதிக்கிறவன்.

1974 ஆடி மாதக் கதையில் துரை புதையல் பெட்டிக்காகப் பாழுங்கிணற்றில் குதித்து, பெட்டியோடு மேலே வந்தான். மறுவாரம் நிஜத் துரை சந்தவாசல் சாலையோரக் கிணற்றில் குதித்தான். மேலே வரவில்லை. பன்னிரண்டு வயது.

நீச்சல் தெரியாத பையன் ஏன் குதித்தான் என்று ஊரே கேட்டது. நாங்கள் நாலு பேரும் வாய் திறக்கவில்லை. சிவப்பிரகாசம் வரைவதையே நிறுத்திவிட்டார். கருமாதி முடிந்ததும் துரையின் அம்மா பூங்காவனம் அவரைத் தேடி வந்தார். பூங்காவனத்துக்கு எழுத்துத் தெரியாது, படம் பார்ப்பார்.

“இந்த மாசம் பொஸ்தகம் வரலியே தம்பி? எம்புள்ள அதுல இருக்கானில்ல. போட்டுகினே இரு.”

பன்னிரண்டு வருஷம் போட்டார். எங்களுக்கு மீசை முளைத்தது, கல்யாணம் ஆனது, யாரும் அதைப் படிப்பதில்லை. பிரதி நேராகப் பூங்காவனத்தின் கைக்குப் போகும். கதையில் துரை மலை ஏறினான், திருடனைப் பிடித்தான். ஆனால் சிவப்பிரகாசம் ஒரு குளத்தை, ஒரு மழையைக்கூட வரையவில்லை. தனக்கு வந்த இரண்டு வரன்களையும் அவரே தட்டிவிட்டார்.

1986இல் அவருக்குக் காஞ்சிபுரத்தில் நல்ல வேலை கிடைத்தது. போகுமுன் பூங்காவனத்திடம் உண்மையைச் சொல்லி விடைபெற்றுவிட வேண்டும் என்றார். தனியாகப் போகப் பயந்து என்னைத் துணைக்கு அழைத்தார். நல்ல ஆளைப் பிடித்தார்.

பூங்காவனம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அவன் கெணத்துல குதிச்சது நான் போட்ட படத்தப் பாத்துட்டுதான். என்ன மன்னிச்சிடுங்க. இனிமே என்னால வரைய முடியாது.”

முறம் நிற்கவில்லை.

“தெரியும். சட்டைய அவுத்துக் கெணத்துமேட்டுல வெச்சிருந்தான். அதுக்குள்ள ஒன் பொஸ்தகம் இருந்துச்சி. அன்னிக்கே பாத்துட்டேன்.”

சிவப்பிரகாசம் தரையில் உட்கார்ந்து அழுதார்.

“அழுவாத. அவனக் குதிக்க வெச்சது நீதான். இத்தினி வருசமா அவன எனக்குக் காட்டிகினு இருக்கறதும் நீதான். நீ நிறுத்திட்டா நான் எங்க போயி அவனப் பாக்கறது?”

அதை மன்னிப்பு என்று என் மனைவி சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிவப்பிரகாசம் காஞ்சிபுரம் போகவில்லை. அடுத்த மாதமும் கால்சட்டை போட்ட துரையை வரைந்து, பூங்காவனத்தின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்.