வெள்ளிக்கிழமை குடும்பத்தாருக்கு மட்டும்

அமைதி வேண்டும் என்று காசு கொடுத்து வருகிறவர்களை நான் முதன்முதலில் பார்த்தது அந்த ஊரில்தான். அமீரகத்தில், புஜைராவிலிருந்து வடக்கே முக்கால் மணி நேரம். ஒரு பக்கம் மொட்டை மலை, மறு பக்கம் கடல், நடுவில் ஒரு ரோடு. ரோட்டோரம் ஒரு மலையாளி டீக்கடை, ஒரு சலூன், ஒரு பள்ளிவாசல். அவ்வளவுதான் ஊர். எங்கள் கம்பெனி என்னை எலக்ட்ரீஷியனாக அங்கே கொண்டுபோய்ப் போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காசு கொடுக்காமலேயே அந்த அமைதியை நாங்கள் தினமும் அனுபவித்துக்கொண்டிருந்தோம். டியூட்டி முடிந்து டீக்கடை வாசலில் நின்றால், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று கார் போகும். நாலு கார் போனால் ஏதோ விசேஷம் என்று பேசிக்கொள்வோம். பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

அந்த ஊருக்கு வீக்கெண்ட் கழிக்க வருவதாக என் தங்கை போன் செய்தாள். அவள் புருஷன், முறைப்படி எனக்கு மாப்பிள்ளை, துபாயில் ஓர் ஆபீசில் வேலை. குடியிருப்பது ஷார்ஜாவில், வாடகை குறைவு என்று. ஊரில் கேட்டால் இரண்டுமே துபாய்தான். அரசாங்கம் வார விடுமுறையை வெள்ளி, சனி என்று மாற்றிய வருஷம் அது. மாப்பிள்ளைக்கு இரண்டு நாள் லீவு. எங்களுக்கு எப்போதும் போல வெள்ளி மட்டும், அதுவும் ஃபோர்மன் மனசு வைத்தால். சிட்டி இரைச்சலில் மூச்சு முட்டுகிறதாம் அவர்களுக்கு. மாப்பிள்ளையின் மேனேஜர் குடும்பமும் கூட வருகிறதாம். வெள்ளிக்கிழமை காலை வந்து இறங்கி, சனிக்கிழமை வரைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காரப் போகிறார்களாம். நீயும் வந்துவிடு அண்ணே, வெள்ளிக்கிழமை பூரா பீச்சில் இருக்கலாம் என்றாள்.

எனக்கு அங்கேயே மனசு குதித்தது. காரணம் இருக்கிறது. அந்த ஊரில் கடற்கரையை ஒட்டி ஒரு பார்க் கட்டினார்கள். புல்தரை, நிழற்குடை, பிள்ளைகளுக்கு ஊஞ்சல், கறி சுட மேடை. அதில் விளக்குக் கம்பம் நட்டு, குழி வெட்டி, கேபிள் இழுத்து, கனெக்‌ஷன் கொடுத்தது நானும் என் ரூம்காரர்களும்தான். வேலை முடிந்து பார்க்கைத் திறந்த அன்றே கேட்டில் ஒரு போர்டு மாட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை குடும்பத்தாருக்கு மட்டும். பேச்சிலர் உள்ளே வரக்கூடாது. எங்களுக்கு லீவே வெள்ளிக்கிழமைதான். மற்ற நாளில் போகலாம், தாராளமாக. ஆனால் அப்போது நாங்கள் சைட்டில் இருப்போம்.

வளைகுடாவில் பேச்சிலர் என்றால் கல்யாணம் ஆகாதவன் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெண்டாட்டி பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வக்கில்லாதவன் என்று அர்த்தம். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், இரண்டு பிள்ளைகள். நான் பேச்சிலர். எங்கள் ரூமில் ஒரு வெல்டர் இருந்தார், ஐம்பத்திரண்டு வயது, பேரன் எடுத்துவிட்டார். அவரும் பேச்சிலர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஆறு பேச்சிலர்களும் பார்க்கின் கம்பி வேலிக்கு வெளியே, ரோட்டுத் திண்டில் வரிசையாக உட்கார்ந்து, எங்கள் விளக்குகள் எரிவதைப் பார்ப்போம். அதற்கும் சில நாள் செக்யூரிட்டி வந்து, குடும்பங்களைப் பார்க்கிறீர்கள் என்று கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கிறது, எழுந்து போங்கள் என்பான்.

அதனால்தான் தங்கை போன் வந்ததும் ரூம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். என் ஃபேமிலி வருது, வெள்ளிக்கிழமை நான் உள்ளே, நீங்க வெளியே என்றேன். அவர்கள் சும்மா விடுவார்களா? கேட்டைத் தாண்டின பிறகு பேசு என்றார் வெல்டர். உன்னை எவன்டா ஃபேமிலி என்பான், மூஞ்சியிலேயே லேபர் கேம்ப்னு எழுதியிருக்கு என்றான் இன்னொருத்தன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. புல்தரையும் வேண்டாம், ஊஞ்சலும் வேண்டாம். அந்த கேட்டில் ஒரே ஒரு ஆள் என்னைக் கை காட்டி, இவர் எங்க ஃபேமிலி என்று வாய் திறந்து சொன்னால் போதும் என்று இருந்தது எனக்கு. இரண்டு வருஷமாக அந்த ஒரு சொல்லுக்கு நான் எவ்வளவு காய்ந்து கிடந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை அயர்ன் செய்த சட்டை போட்டுக்கொண்டு ஏழு மணிக்கே கேட்டில் நின்றேன். அவர்கள் வந்தது பதினோரு மணிக்கு. மாப்பிள்ளையின் கார் ஒன்பது வருஷப் பழசு, மூன்று கை மாறியது. அதிலிருந்து இறங்கிய சாமான்களைப் பார்த்தால் வீட்டையே காலி செய்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. கூலர் பெட்டி, பாய், அடுப்பு, கரி மூட்டை, பாட்டுப் போட ஒரு ஸ்பீக்கர். அமைதி தேடி வருகிறவர்களுக்கு ஸ்பீக்கர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. தங்கை மகளுக்கு நாலு வயது. மாமா சொல்லு என்றாள் தங்கை. பிள்ளை என்னைப் பார்த்து ஹாய் அங்கிள் என்றது. அவர்கள் பில்டிங் வாட்ச்மேனும் அதற்கு அங்கிள்தான், தண்ணீர்க் கேன் போடுகிறவரும் அங்கிள்தான்.

கேட்டில் நின்ற செக்யூரிட்டி ஒரு பட்டாணி, பாகிஸ்தான்காரர். ஆறடி ஆள், நல்ல மனுஷன். மாப்பிள்ளை, தங்கை, பிள்ளை மூவரையும் விட்டுவிட்டு எனக்கு நேரே கையை நீட்டித் தடுத்தார். பேச்சிலர் மாஃபி என்றார், கிடையாது என்று. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்தத் தடவை தப்பாகத் தடுத்துவிட்டாயே என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கை முன்னால் வந்து, தெரிந்த இந்தியில், இவர் என் பாயி என்றாள். அந்த நாட்டில் தெருவில் போகிறவன் எல்லாம் பாயி. பட்டாணி நம்பவில்லை. இரண்டு பேரின் பத்தாக்காவையும் காட்டச் சொன்னார். அரசாங்கம் கொடுக்கிற அடையாள அட்டை அது. தங்கை அட்டையில் அவள் பெயருக்குப் பின்னால் புருஷன் பெயர். என் அட்டையில் என் பெயருக்குப் பின்னால் எங்கள் அப்பா பெயர். இரண்டிலும் பொதுவாக ஒரு எழுத்துக்கூட இல்லை. பட்டாணிகள் ஊரில் ஒரு வம்சத்துக்கே ஒரு பெயர் இருக்குமாம், அதைச் சொன்னால் ஏழு தலைமுறையும் வந்து நிற்குமாம். எங்கள் வழக்கத்தில் அப்பா பெயர் இனிஷியல், கல்யாணமானால் புருஷன் பெயர் இனிஷியல் என்பதை அரைகுறை இந்தியில் அந்த வெயிலில் நானும் தங்கையும் மாறி மாறி விளக்கினோம். பட்டாணி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அண்ணன் தங்கைக்கு எப்படி வேறு வேறு குடும்பப் பெயர் இருக்கும் என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒரே வயிற்றில் பிறந்ததற்கு உலகத்தில் ஒரு காகிதம் எங்களிடம் இல்லை.

மாப்பிள்ளை என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? வாட்ச்சைப் பார்த்தார். மேனேஜர் முன்னாலேயே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தார். அந்தக் கவலை அவருக்கு.

பிள்ளை வெயிலில் சிணுங்க ஆரம்பித்தது. பட்டாணிக்கு மனசு இளகிவிட்டது. என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். "டிரைவர் போலோ நா, பாயி. கலாஸ்."

டிரைவர் என்று சொல்லிவிடு, தீர்ந்தது என்கிறார். குடும்பத்தோடு வருகிற டிரைவரும் வீட்டு வேலைக்காரியும் உள்ளே போகலாம் என்று ரூல் இருக்கிறதாம். கூடப்பிறந்தவன் போகக்கூடாது, கார் ஓட்டுகிறவன் போகலாம். எனக்கு லைசென்ஸ்கூடக் கிடையாது. ஊரில் மொபெட் ஓட்டியதோடு சரி.

மாப்பிள்ளை முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. "ஒரு வார்த்தைதானே மச்சான், உள்ள போயிட்டா யாரு கேக்கப் போறா?" என்றார். தங்கை என் முகத்தையே பார்த்தாள். திரும்பிப் போனால் ரூமில் ஐந்து பேர் சிரிக்கக் காத்திருக்கிறார்கள். நானே சொன்னேன், டிரைவர் என்று. இந்தப் பாழாய்ப்போன வாய் அதைச் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, உள்ளே போய்விட்டால் தீர்ந்தது என்று பார்த்தால், மேனேஜர் மனைவி எங்களை அழைத்துப் போக கேட் அருகே வந்து நின்றிருக்கிறார். சென்னைக்காரம்மா, பெரிய கூலிங் கிளாஸ். கடைசிச் சொல் அவர் காதில் விழுந்துவிட்டது. டிரைவர் வைத்திருக்கிறீர்களா, பரவாயில்லையே, எங்களுக்கே இன்னும் அமையவில்லை என்றார் மாப்பிள்ளையிடம். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். தங்கையும் பார்த்தாள். இல்லைங்க, இவர் என் மச்சான் என்று சொல்ல இரண்டு நொடி போதும். அந்த இரண்டு நொடியில் மாப்பிள்ளை இரண்டு அங்குலம் வளர்ந்தார். மூன்று கை மாறின காருக்கு டிரைவர் வைத்திருக்கிற சீமான் ஆகிவிட்டார். ஹி ஹி என்று ஒரு சிரிப்பு. அதோடு என் உறவு முடிந்தது.

அப்புறம் நான் என்ன, டிரைவர்தானே? கூலர் பெட்டியைத் தூக்கினேன். பாய் விரித்தேன். கரி பிடிக்கவில்லை என்று நாலு படித்தவர்கள் நின்று ஊதிக்கொண்டிருந்தார்கள், நான் பற்றவைத்தேன். ஐஸ் வாங்கிவர ஒரு தடவை, தயிர் வாங்கிவர ஒரு தடவை கடைக்குப் போனேன். ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும் பட்டாணி, பார்த்தாயா எப்படி வேலை செய்கிறது என்று கண்ணடித்தார். கடலில் யாரும் இறங்கவில்லை. மேனேஜர் மட்டும் பேன்ட்டைக் கணுக்கால் வரை மடித்து, அலையோரம் நின்று ஆபீசுக்கு போன் பேசினார். என்ன அமைதி, இங்கேயே இருந்துவிடலாம் போல இருக்கிறது என்று மேனேஜர் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தார். என் கான்ட்ராக்டில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது, அப்படியே எழுதிக் கொடுக்க நான் தயார். ஸ்பீக்கரில் பாட்டு அலறியது.

சாப்பாட்டு நேரத்தில், டிரைவருக்குக் கொடுத்து அனுப்புங்கள் என்று பேப்பர் தட்டில் அந்தம்மாவே சோறு போட்டார். தங்கைதான் கொண்டுவந்தாள். நான் நிழற்குடைக்கு வெளியே, என் விளக்குக் கம்பத்தின் அடியில் உட்கார்ந்திருந்தேன். சோற்றைக் கிளறினால் அடியில் மட்டன் துண்டாக அடுக்கியிருந்தாள். ஷார்ஜாவில் விடிகாலையில் எழுந்து எனக்கென்று சுக்கா வறுத்திருக்கிறாள்.

"தப்பா எடுத்துக்காத அண்ணே. மேனேஜர் முன்னாடி இப்ப போயி எப்படிச் சொல்றது?"

போ, கறி ஆறுது என்றேன். அவள் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் போய்விட்டாள். கறி ருசியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் பொய் சொல்லக் கூடாது. எலும்பைக்கூட விடவில்லை.

நாலு மணிக்கு மேனேஜர் கொட்டாவி விட்டார். இங்கே என்னதான் செய்வது, ஒரு மால்கூட இல்லையே என்றார். சனிக்கிழமை வரைக்கும் ரூம் போட்டிருந்தவர்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். நான் எழுநூறு நாளாகத் தின்றுகொண்டிருக்கிற அமைதி அவர்களுக்கு அஞ்சு மணி நேரத்தில் திகட்டிவிட்டது.

கேட்டுக்கு வந்தபோதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது. டிரைவர் என்றால் கார் ஓட்ட வேண்டுமே! மேனேஜர் குடும்பம் பக்கத்துக் காரில் ஏறாமல் டாட்டா காட்ட நிற்கிறது. மாப்பிள்ளை என் காதோரம் வந்து, அந்த வளைவு வரைக்கும் மட்டும் ஓட்ட முடியுமா மச்சான் என்று கெஞ்சினார். காலையிலிருந்து எனக்கு உண்மையான சந்தோஷம் கிடைத்தது அப்போதுதான். முடியாது என்றேன். சத்தமாகவே சொன்னேன். பின்கதவைத் திறந்து, தங்கை மகள் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன். மாப்பிள்ளை வியர்த்துப் போய், அவருக்குக் காலையிலிருந்து ஒரே அலைச்சல், பாவம், நானே ஓட்டிவிடுகிறேன் என்று வழிந்துகொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

மேனேஜர் மனைவி கூலிங் கிளாஸைக் கழற்றி எங்களைப் பார்த்தார். முதலாளி ஓட்டுகிறார், டிரைவர் பின்னால் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தம்மா நெகிழ்ந்துவிட்டார். பட்டாணி நிற்கிற அதே கேட்டில், எல்லார் காதிலும் விழும்படி தங்கையிடம் சொன்னார்.

"டிரைவரைக்கூட ஃபேமிலி மாதிரி வச்சிருக்கீங்களே, உங்களுக்குப் பெரிய மனசு."

தங்கை கண்ணாடி வழியே நேராக ரோட்டைப் பார்த்தாள். "எங்க ஊர்க்காரர்தான்" என்றாள்.

கேம்ப் வாசலில் இறக்கிவிட்டார்கள். பிள்ளை பை அங்கிள் என்றது. வெயில்கூட இன்னும் தாழவில்லை. ரூமுக்குள் நுழைந்ததும் ஐந்து பேரும் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே போனியா என்றார் வெல்டர். போனேன் என்றேன். நாலு மணி வரைக்கும் இருந்தேன், மட்டன் தின்றேன் என்றேன். அவர் விடவில்லை. கேட்டில் ஃபேமிலி என்று சொன்னார்களா இல்லையா, அதைச் சொல் என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

சொன்னார்கள் என்றேன். 'மாதிரி'யை மட்டும் முழுங்கிவிட்டேன்.